பஸ்ஸின் பின்னால் நின்ற இரும்புச் சட்டைக்காரன்

நாமக்கல்லில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பையன்கள் இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்கக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்திருந்தார்கள். பித்தளைக் குடம் வரைந்தால் பூசணிக்காய் மாதிரி வருகிறது, பளபளப்பை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புறப்படும்போது ஒருவன், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டான். இரும்புச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன், முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது என்றேன். இரண்டு பேரும் என் மகனைப் பார்த்தார்கள். எனக்கு வயதாகிவிட்டது என்று அவன் ஜாடை காட்டினான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். பெயர் அர்த்தநாரி. தறியில் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு வலி வந்துவிடும். அதனால் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கடைப்பலகை, கடைப்பலகையிலிருந்து பஸ் கூண்டு கட்டும் பட்டறை என்று போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எழுத்து எழுதுவேன், பூ போடுவேன், ஓரத்துக்குக் கோடு இழுப்பேன். உருவம் எதுவும் வரைந்ததில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் கேட்டவர் பாவாயம்மாள்.

அவர் நாமக்கல் பக்கம் பண்ணையம் செய்கிற கவுண்டர் வீட்டு அம்மா. அவர் வீட்டுக்காரர் நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலத்துக்கு பஸ் விட ஆசைப்பட்டு, பெர்மிட் வாங்கி, கூண்டு இல்லாத வெறும் சேசிஸும் வாங்கிப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். கூண்டு கட்டி முடிப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். சேசிஸை விற்றுவிடச் சொல்லிப் பங்காளிகள் எல்லாரும் சொன்னார்கள். பாவாயம்மாள் காரியம் முடிந்த கையோடு ஒரு மாட்டு வண்டியில் பட்டறைக்கு வந்து இறங்கி, கூண்டுக்கு என்ன மரம் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

கூண்டு முடிந்து என் வேலை தொடங்கியபோது, புடவைத் துணியில் சுற்றி ஒரு காகிதம் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் மதராசுக்குப் போனபோது நடைபாதையில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் வாங்கியிருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதிலிருந்த ஒரு படத்துக்காக வாங்கினாராம். உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் இரும்பு போட்ட ஒரு ஆள். ஒரு கை இடுப்பில், ஒரு கை கத்திப்பிடியில். தலைக்கவசத்தின் மூடி இறங்கி முகத்தை மறைத்திருக்கிறது. கண்ணுக்கு மட்டும் ஒரு சந்து.

"இது பஸ்சுக்குப் பின்னால நிக்கோணும்னு அவிய சொல்லியிருந்தாங்க. இதே மாதிரி எழுது" என்றார் பாவாயம்மாள்.

எனக்கு உருவம் வராது என்றேன். நாளாகட்டும் என்றார். கூண்டுக்குப் பின்னால் இருக்கவேண்டிய ஏணியை அன்றைக்கே கழற்றிப் பக்கவாட்டில் மாட்டச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் தப்பிக்க வழி இல்லை.

பஸ்ஸின் மற்ற பக்கங்களை முடித்துக்கொண்டே, மீந்துபோன தகரத் துண்டுகளில் அந்த ஆளை எழுதிப் பழகினேன். தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு பிரைமர் பூசி, காய்ந்தபின் சாக்பீஸ் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த பட்டி வைத்து, தண்ணீர் விட்டு நுரைக்கல்லால் வழவழவென்று தேய்த்துக்கொள்வேன். படத்தின் மேல் நூலால் கட்டம் கட்டி, தகரத்தில் அதைவிடப் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன கோடு வருகிறதோ அதை மட்டும் பார்த்து எழுதுவேன். ஆளைப் பார்க்கக் கூடாது, கட்டத்தைத்தான் பார்க்கவேண்டும். அதனால் உருவத்தின் அளவு முதல் தடவையே சரியாக வந்தது.

வராதது இரும்பு. அந்தப் படம் கறுப்பு மையில் அச்சடித்தது. நிழலெல்லாம் சன்னக் கோடுகள். நான் அந்தக் கோடுகளை அப்படியே எழுதினேன்.

பாவாயம்மாள் வந்து பார்த்தார். அவருடைய முறை ஒன்று உண்டு. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார், நன்றாக இல்லை என்றும் சொல்லமாட்டார். பார்த்தால் எப்படி இருக்கிறதோ அதை மட்டும் சொல்வார்.

"கோரப்பாயச் சுத்திக்கிட்டு நிக்கறானாட்ட இருக்குது."

அடுத்த தகரத்தில் கோட்டை விட்டுவிட்டுச் சாம்பல் நிறத்தில் எழுதினேன். சுடுகாட்டுச் சாமியார் போல இருக்கிறது என்றார். வெள்ளையைக் கூட்டினேன். மாவு மில்லில் வேலை பார்ப்பவன் என்றார். ஒரு கடையில் அலுமினியப் பொடி வாங்கிவந்து கலந்து அடித்தேன். தகரம் ஜொலித்தது. எனக்கே பிடித்திருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பால் போசிக்குக் கைகால் மொளச்சிருக்குது" என்றார்.

கோபம் இல்லாமல் சொல்வார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பேன். அவர் சொன்ன பிறகு தகரத்தைப் பார்த்தால் எனக்கும் பால் பாத்திரம்தான் தெரியும். அழித்துவிடுவேன்.

ஒரு மத்தியானம், சோறு தின்றுவிட்டுப் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் நின்ற ஒரு காரின் சக்கர மூடி வெயிலில் மின்னியது. எத்தனையோ தடவை பார்த்த மூடிதான். அன்றைக்கு அதை என்ன பெயிண்டில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன். மூடியின் மேல்பாதி நீலம். கீழ்ப்பாதி செம்மண். நடுவில் கறுப்பாக ஒரு பட்டை, அது பட்டறைச் சுவர். ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, அது என் வேட்டி. சாம்பல் நிறம் எங்குமே இல்லை. நான் எழுந்து நின்றேன். புள்ளியும் நீண்டது.

உடனே போய் ஒரு தகரம் எடுத்தேன். அந்த ஆளின் தோள், நெஞ்சு, முழங்கால் என்று வானத்தைப் பார்த்த இடத்திலெல்லாம் நீலம் வைத்தேன். தரையைப் பார்த்த இடத்திலெல்லாம் எங்கள் ஊர் செம்மண் நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இருட்டாக ஒரு கோடு. வெள்ளையை மட்டும் கஞ்சத்தனமாக, அணில்வால் பிரஷ்ஷின் நுனியில் தொட்டு வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் நீலமும் சிவப்புமாகக் கந்தல் துணி. தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். இரும்பு நின்றது.

பாவாயம்மாள் வந்தார். பார்த்தார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மேல கம்பெனி பேரு எப்ப எழுதுவ?" என்று கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய அன்று முழுவதும் ஆனது.

தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, பஸ்ஸின் பின் தகட்டில் ஆள் உயரத்துக்கு அவனை எழுதி வார்னிஷ் கொடுத்தேன். நான் பட்டறை வேலையை விட்டுப் பாவாயம்மாளின் கம்பெனியிலேயே சேர்ந்தேன். கம்பெனி என்றால் அந்த ஒரு பஸ், ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், நான். பெயிண்ட் இல்லாதபோது பஸ்ஸைக் கழுவுவேன்.

பஸ் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் வம்பு வந்தது. ராசிபுரத்தைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஜனங்கள் ஏறவில்லை. பிறகு அதற்கு அடுத்த நிறுத்தத்தில். கண்டக்டர் இறங்கி விசாரித்தான். பொழுது இறங்கும் நேரத்தில் பஸ் போவதைப் பின்னாலிருந்து பார்த்தால், முகம் இல்லாத ஒருவன் நம்மைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாகப் போகிறான் என்றார்களாம். ஒரு வண்டிக்காரரின் மாடு மிரண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. பஸ்காரம்மா செத்துப்போன வீட்டுக்காரரைத் தகரத்தில் அடைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அதற்குப் பிறகு வெளிச்சத்திலும் ஏறவில்லை. பஸ் காலியாகப் போய்க் காலியாக வந்தது. பொம்பளை நடத்துகிற பஸ், அதனால்தான் இப்படி, பெர்மிட்டை வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும் என்று ஒருவர் மனுக் கொடுத்தார். அவர் பாவாயம்மாளின் பங்காளி.

பாவாயம்மாள் பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். அழித்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். முடியாது என்று அர்த்தம். கண்டக்டர், விபூதிப் பட்டை போட்டு, கையில் அரிவாள் கொடுத்து முனியப்பனாக மாற்றிவிடலாம், தேங்காய் உடைத்துவிட்டு ஏறுவார்கள் என்றான்.

"சாமிய வெச்சு, வர்றவன் போறவன் மூஞ்சிலயெல்லாம் புழுதி அடிக்கோணுமா?" என்றார் பாவாயம்மாள். அதுவும் முடியாது.

எனக்கு அந்தத் தலைக்கவசத்தின் ஒவ்வொரு ஆணியும் மனப்பாடம். நெற்றியோரத்தில் கீல் மாதிரி ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொன்னேன்.

"மூடி தெறக்குமுங்க. கதவாட்ட மேல தூக்கிவிட்டுக்கலாம்."

"உள்ள ஆரு இருக்கறா?"

"ஆராச்சும் இருந்துதானுங்க ஆகோணும்."

அவர் கொஞ்ச நேரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வீட்டுக்காரரை நினைத்தேன். அவர் போட்டோ ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. பாவாயம்மாளும் அதைத்தான் நினைத்திருப்பார்.

"தெறந்து காட்டு. அவிய மூஞ்சி வேண்டாம். ரோட்டுல விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் தொழிலில் எனக்கு வந்த கஷ்டமான வேலை அதுதான். நான் படித்தது முகமில்லாத ஆளிடம். இரும்பு எழுதத் தெரியும். மூக்கு எழுதத் தெரியாது. நாடக நோட்டீஸ்களைப் பார்த்து எழுதிப் பார்த்தேன். எல்லாருக்கும் பல்வலி வந்த மாதிரி இருந்தது. பஸ் ஓடாததால் வேலை இல்லாமல் ஷெட்டில் படுத்திருந்த டிரைவர் செல்லப்பன், எழுந்து வந்து பார்த்துச் சிரித்தான். செல்லப்பன் ராசிபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். கொஞ்சம் காட்டுக் கூலி வேலை, கொஞ்சம் கிளீனர் வேலை என்று இருந்து டிரைவர் ஆனவன். பெரிய மீசை. வண்டியைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் ஒரு தடவை திருப்பி அடித்து இடது புருவம் நடுவில் பிளந்திருக்கும். வழி நெடுக எல்லாரிடமும் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவான்.

சும்மாதானே இருக்கிறாய், அந்த டின்மேல் உட்கார் என்றேன். உட்கார்ந்தான்.

முகத்தையும் இரும்பு மாதிரியே எடுத்துக்கொண்டேன். எனக்கு வேறு வழி தெரியாது. நெற்றியில் ஷெட் வாசல் வெளிச்சம். தாடைக்கு அடியில் தரையின் சிவப்பு. கண்ணுக்குக் கீழே இருட்டு. கன்னம் வந்தது. மீசை வந்தது. மூக்கைத்தான் நாலைந்து தடவை துடைத்துத் துடைத்து எழுதினேன். கொஞ்சம் சிறிதாக்கிவிட்டால் நன்றாக வரும்போல் இருந்தது. செல்லப்பனிடம் கேட்டேன்.

"அது எங்கப்பன் மூக்குங்க. அதுல கைய வெக்காதீங்க" என்றான்.

அப்படியே எழுதினேன். பிளந்த புருவத்தையும் எழுதினேன். பாவாயம்மாள் வந்து பார்த்துவிட்டு, மீசை கொஞ்சம் ஜாஸ்தி என்றார். மீசை அசலிலேயே ஜாஸ்தி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் குறைத்தேன். செல்லப்பன் போய் அதே அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தான்.

பஸ் மறுபடி ஓடிய அன்று நானும் போனேன். ஏறாத அந்த நிறுத்தத்தில் செல்லப்பன் வண்டியை நிறுத்தினான். ஜனங்கள் தள்ளியே நின்றார்கள். ஒரு கிழவர் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் போனார். பிறகு முன்பக்கம் வந்து செல்லப்பனைப் பார்த்தார். திரும்பப் பின்னால் போனார். பிறகு இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி போய் வந்தார்கள். கடைசியில் ஒரு பெண் ஜன்னலுக்குக் கீழே வந்து, அந்த இரும்புச் சட்டைக்குள்ளே புழுக்கமாக இருக்காதா என்று செல்லப்பனிடம் விசாரித்தாள். வேர்க்கத்தான் செய்கிறது, அம்மா கழற்ற விடமாட்டேன் என்கிறார் என்றான். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அந்த வாரமே பஸ் நிறைந்தது. கம்பெனிப் பெயரை நான் மேலே பெரிதாக எழுதியிருந்தும், அதற்குச் செல்லப்பன் பஸ் என்றுதான் பெயர். பங்காளியின் மனு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு சண்டை வந்தது. பட்டாளத்தில் டிரைவர்களுக்கு ஆள் எடுத்தார்கள். செல்லப்பனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவி காளியம்மாள் முழுகாமல் இருந்தாள். போகவேண்டாம் என்று பாவாயம்மாள் சொன்னார். அவர் ஒருவரிடம் வேண்டிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செல்லப்பன் போனான். கப்பலேறி மலாய்க்குப் போனதாகத் தகவல் வந்தது. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு எந்தத் தகவலும் இல்லை.

காளியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ராசாத்தி என்று பெயர் வைத்தாள். பஸ் அவர்கள் ஊர் நிறுத்தத்துக்கு வரும் நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஏறமாட்டாள். பஸ்ஸின் பின்னால் போய், குழந்தையின் விரலைப் பிடித்துப் புருவத்தையும் மீசையையும் தொட்டுக் காட்டுவாள். செல்லப்பன் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. புது டிரைவர் அவள் முடிக்கும்வரை வண்டியை எடுக்கமாட்டார். அந்த இடத்தில் வார்னிஷ் தேய்ந்துவிட்டது. நான் இரண்டு தடவை புதிதாகக் கொடுத்தேன்.

சண்டை நீண்டபோது பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. எல்லா பஸ்ஸுக்கும் கரி அடுப்புப் பொருத்த வேண்டும், கரிவாயுவில்தான் ஓட வேண்டும் என்று ஆனது. அடுப்பை வைக்கிற இடம் பஸ்ஸின் பின்பக்கம். தகட்டை வெட்டி, சட்டம் கொடுத்து, ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையை நிறுத்துவார்கள். எந்நேரமும் தணலாகக் கொதிக்கும். பெயிண்ட் ஒரு நாள்கூட நிற்காது. ஃபிட்டர் உளியோடு வந்துவிட்டார். அடுப்பு இல்லாவிட்டால் பஸ் இல்லை.

பாவாயம்மாள் ஃபிட்டரை நிறுத்தினார். துண்டு துண்டாக வெட்டாமல், ஆள் நிற்கிற தகட்டை ஆணி கழற்றி முழுதாக எடுக்கச் சொன்னார். அரைநாள் ஆயிற்று. தகட்டை ஜமக்காளத்தில் சுற்றி பஸ்ஸின் கூரையில் ஏற்றி, அவரே கூட வந்தார். செல்லப்பன் வீட்டு வாசலில் நானும் கண்டக்டரும் இறக்கி வைத்தோம். காளியம்மாள் ஜமக்காளத்தைப் பிரித்தாள். உள்ளே அம்மிக்கு மேலே சுவரில் சாய்த்து வைத்தாள்.

அந்த ஊரில் சிலர் அவளைத் தாலியைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமன் முறைக்காரர் ஒருவர் எங்கள் எதிரிலேயே மறுபடி ஆரம்பித்தார். காளியம்மாள் தகட்டைக் காட்டினாள்.

"ஊட்டுல ஆளு இருக்கறப்ப எதுக்குங்க?" என்றாள்.

அவர் பாவாயம்மாளைப் பார்த்தார். பாவாயம்மாள் கழுத்தில் தாலி இல்லை. பாவாயம்மாள் காளியம்மாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

சண்டை முடிந்து வெகுநாள் கழித்து ஒரு காலையில், ஷெட் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். நான் யாரோ வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மீசை இல்லை. முன்பற்கள் இரண்டு இல்லை. கன்னம் குழி விழுந்து மூக்கு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அந்த மூக்கை எத்தனை தடவை துடைத்து எழுதியிருக்கிறேன். நான் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்ததாகச் சொன்னான். வேறு ஒன்றும் சொல்லவில்லை, பிற்காலத்திலும் சொன்னதில்லை. பாவாயம்மாள் வெளியே வந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். எப்போது வண்டி எடுக்கிறாய் என்று கேட்டார். பிறகு வேகமாக உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

செல்லப்பன் வந்தது என்னைப் பார்க்கத்தான். ராசாத்தி அவனிடம் வரமாட்டேன் என்கிறாள். அப்பா வீட்டில் இருக்கிறார், இது யார் என்று கேட்கிறாள். சோறு தின்னும்போது அவனுக்கு முதுகைக் காட்டி, தகட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாளாம்.

"நீங்க வந்து கொஞ்சம் மாத்தி எழுதிக் குடுக்கோணுங்க."

முகத்தையா என்று கேட்டேன். இப்போது இருக்கிற மாதிரி எழுத எனக்கு மனம் வரவில்லை. அதையும் சொன்னேன்.

"மூஞ்சி இருக்கட்டுங்க. சோறு தின்னா அது திரும்பி வந்துரும். சட்டையத்தான் கழட்டோணும்."

அடுத்த நாள் பெயிண்ட் டப்பாக்களோடு போனேன். தகட்டை வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் வைத்தோம். கழுத்துக்குக் கீழே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தோளில் இருந்த நீலம் போயிற்று, முழங்காலில் இருந்த செம்மண் போயிற்று. நான் எழுதியதிலேயே அதைப் போல வேறொன்று வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். தேய்த்து முடித்து, காக்கிச் சட்டையும் வேட்டியும் எழுதினேன். கத்திப்பிடியில் இருந்த கைக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு துண்டு கொடுத்தேன்.

ராசாத்தி முழுநேரமும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். முடிந்ததும் கிட்டே வந்தாள். தகட்டைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்திருந்த காக்கிச் சட்டைக்காரனைப் பார்த்தாள்.

"இரும்புச் சட்டை எங்க?" என்று அவனிடம் கேட்டாள். அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது என்று காளியம்மாள் பிறகு சொன்னாள்.

"சர்க்காரு குடுத்த சட்டைதான சாமி. சண்டை முடிஞ்சுது, திருப்பிக் குடுத்துட்டேன்."

அவள் யோசித்தாள்.

"கனமா இருந்துச்சா?"

செல்லப்பன் தோளைத் தடவிக்கொண்டான்.

"ஆமா சாமி. ரொம்பக் கனம்" என்றான்.

அவள் உள்ளே போய், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.